சத்தம் மட்டும்

பாஸ்போர்ட்டை வாங்கியதும்
முதலில் போட்டோவைப் பார்ப்பேன், பிறகு ஆளை.
ஆள் எப்போதும் போட்டோவைவிட மெலிந்திருப்பார்.
பாபுராவ் தெருவில் அப்படித்தான்.
இங்கே யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
சி படிவத்தை ஏற்றியாக வேண்டும்.
எந்த எல்லை வழியாக வந்தீர்கள்,
அடுத்து எங்கே போவீர்கள்,
இங்கே யாரைத் தெரியும்?
"டாக்டரை" என்றார் புருஷன்.
அவர் மஞ்சள் கண்ணைப் பார்க்காமல்
"யாருமில்லை" என்று தட்டினேன்.
மனைவி மர்ஜினா காதூன், பாப்னா ஜில்லா.
அறை முந்நூற்று நான்கு.
கணையம்.
அதற்கு மட்டும் படிவத்தில் கட்டமில்லை.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைப் பழைய ஆட்கள் கேலி செய்வார்கள்.
மறைவில்லாத லாட்ஜ் என்று
நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்.
என் மேஜைமேல் எட்டுக் கட்டத் திரை:
வாசல், படிக்கட்டு, மூன்று வராந்தா,
மொட்டைமாடியில் காயும் அயலூர்ப் புடவைகள்.

வியாழன்தோறும் ஏட்டு பலராமன் வருவார்.
"முந்நூத்தி நாலுல யார் வந்து போறா?"
மருந்துக் கடைப் பையன், சார்.
"அவன் பேரு?"
எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டுவைத்தேன்.
கேட்டபோது பையன் முகம் கொஞ்சம் மாறியது.

நானும் நான்கு வருஷம் சொஹாரில் இருந்தவன்.
பாஸ்போர்ட் கம்பெனி இரும்பு பீரோவில்.
குவார்ட்டர்ஸில் தண்ணி கூலருக்கு மேலே ஒரு கேமரா,
கறுப்புக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி.
மகள் பிறந்த ராத்திரி
அதற்குக் கீழே நின்றுதான் பேசினேன்.
"என்ன பேரு வைக்கலாம்?" என்றாள் அவள்.
"இங்க வெயில் ஜாஸ்தி" என்றேன்.
மறுநாள் காலை சூப்பர்வைசர்
தோளில் தட்டி வாழ்த்துச் சொன்னார்.
நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முந்தாநாள் மர்ஜினா
வெந்நீருக்கு ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தாள்.
என் தமிழும் அவள் வங்காளமும் பாதி வழியில் நின்றன.
கூரையைக் காட்டினாள்.
தன் காதைத் தொட்டாள்.
புருவத்தைத் தூக்கினாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஆடித் தள்ளுபடியில் முதலாளி வாங்கிய கேமரா.
காது உண்டு.
மூன்றாவது மாடி வராந்தாவில்
சிக்னல் கிடைப்பது அதற்கு நேர் கீழேதான்.
ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்பாள்,
ஊரிலிருக்கும் யாருக்கோ
"பாலோ ஆச்சி, பாலோ ஆச்சி" என்பாள்.
ஆறு வருஷமாக இந்த மேஜையில் இருக்கிறேன்,
நல்லாயிருக்கோம் என்பது எனக்குப் புரியும்.
போனை வைத்த பிறகு வருகிற சத்தத்துக்கு
மொழி தேவையில்லை.
முந்தானையைக் கடித்தபடி, சுவரைப் பார்த்தபடி,
வளையல்கூட அதிகம் அசையாமல்.

நேற்று ராத்திரி அவள் வருமுன்னே
சத்தத்தைக் கடைசிவரை குறைத்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
எல்லாம் பதிவாகும்,
முப்பது நாள் இருக்கும்.
நான் மட்டும் கேட்கவில்லை.

இன்று வியாழன்.
ஏட்டு திரைப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டார்.
"சத்தம் வரலியே?"
"மழையில வயர் போச்சு, சார்."
வேலூரில் மழை பெய்து
நாற்பது நாளாகிறது.
வாசல் வழியே வெயிலை ஒருமுறை பார்த்தார்,
பிறகு என்னை.
டீயில் மிதந்த ஆடையை
விரலால் எடுத்துப் போட்டுவிட்டு
மெதுவாகக் குடித்தார்.