மூடி

குருமண்வெளித் துறையில்
பாதை புறப்படுவது
நல்லரெத்தினத்தின் சட்டைப் பையிலிருந்து.

சங்கிலியை இழுப்பார். பெருவிரலால் ஓர் அழுத்து;
வெள்ளி மூடி வாய் பிளக்கும்.
பார்ப்பார்.
'ஒல்லுப்போல இரிங்க' என்பார்.
மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடிப்பார்.
மீன்பெட்டியில் ஐஸ் உருகும்.
எல்லோர் கையிலும் போன் நேரம் காட்டும்,
ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.
டிக் என்று மூடி விழுந்தால்தான்
கயிறு அவிழும்.

மூன்று வருடமாக மண்டூருக்குப் படிப்பிக்கப் போகிறேன்.
நேற்று மழைக்கு, ஒற்றைத் தகரத்தின் கீழ்
அவர் தோளோடு ஒட்டி நின்றேன்.
மூடி திறந்தது.

உள்ளே முள் இல்லை.
பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.
வெள்ளைத் தட்டில் ரோமன் இலக்கங்கள்
வேலையற்று வட்டமாகக் குந்தியிருந்தன.
கண்ணாடியில் மட்டும்
ஒரு கீறல் கிடையாது.
சாவிக்கொத்து, சில்லறை, வாவியின் உப்புக்காற்று
எல்லாவற்றையும் தானே வாங்கி
மூடிதான் நெளிந்து கறுத்திருந்தது.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
பேசவில்லை.
தூரத்தில் ஒரு பொடியன்
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்,
வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.
'இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு' என்றார்
அந்தத் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஹோர்ன்காரர் எட்டி என்னிடம் கேட்டார்:
'டீச்சர், நீங்க கிட்ட நிக்கிறீங்க,
அதில எத்தின மணி?'

பொடியன் ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டான்.

'ஏழு இருபது' என்றேன்.

டிக்.