வெறுங்கரைசல்

மூன்று மில்லிமீற்றர் வட்டம்.
மூக்குத்திப் பொட்டளவு கரி,
கண்ணாடிபோல் மினுங்குகிற கரி.
அலுமினாச் சேற்றில் அதை
எட்டு எட்டாகத் தேய்க்கிறேன்.
வட்டமாய்த் தேய்த்தால் ஒரு பக்கம் சரியுமாம்.
திருநெல்வேலியில் காலை எட்டரை.
பரமேஸ்வராச் சந்தியில் பஸ் ஒன்று
யாரையோ கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறது.

பிறகு ஒரு துளி.
ஐந்து மைக்ரோலீற்றர் கறுப்புத் தண்ணீர்.
அதற்குள் செப்பு ஒட்சைட்டுக் கம்பிகள்,
தலைமயிர் ஒன்றை ஆயிரமாய்ப் பிளந்த மெலிவில்.
துளி காயும்வரை விசிறியை நிறுத்தி
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி.

காய்ந்தபின் அதற்குச் சீனி தெரியும்.
மின்வாய் என்கிறோம், வாய்தான்.
காரக்கரைசலில்
அரை வோல்ற்றுக்குச் சற்று மேலே பிடித்தால்
குளுக்கோசு ஒரு சொட்டு, வரைபில் ஒரு படி.
இன்னொரு சொட்டு, இன்னொரு படி.
யாரும் ஏறாத படிக்கட்டு
திரையில் வளர்கிறது.

அளக்க வந்தது வெங்காயம்.
உரும்பிராயிலிருந்து இராசமலரக்கா
உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தா.
எது பரணில் அழுகாமல் கிடக்கும் என்று
சீனியை வைத்துச் சொல்கிற திட்டம்.
"நக்கிப் பாத்தால் தெரியாதோ பிள்ளை?"
நக்கினால் ஆய்வுக்கட்டுரை வராது, அக்கா.

சாறு விட்ட முதல் நாள்
படி ஏறவில்லை. சறுக்கியது.
வெங்காயத்துக்குள் சீனியோடு கந்தகமும் குடித்தனம்.
அது வந்து செம்பின்மேல்
பாயைப் போட்டுப் படுத்துவிட்டது.
எழும்பாது.
நாலு மாதம் என் கொப்பியில்
அதன் பெயர் "இடையூறு".
மரியநேசன் அண்ணை ஆய்வுகூடச் சாவியை ஆட்டிக்கொண்டு
"உதை விட்டிட்டுக் கறுத்தக்கொழும்பானை அளவும்" என்றார்.

செம்புக்கு ஒரு மெல்லிய போர்வை போட்டேன்.
மறையேற்றத்தோடு வருகிற கந்தகத்தை
வாசலிலேயே திருப்பிவிடுகிற போர்வை.
திருப்பியதும் பாவமாக இருந்தது.
சரி, உனக்கும் ஒரு வாய் செய்கிறேன்.

கந்தகத்துக்குப் பொன்னென்றால் விடாத ஆசை.
தங்கக் குளோரைட்டு, கால் கிராம்,
கொழும்பிலிருந்து வர ஐந்து கிழமை.
சித்திரேற்றோடு கொதிக்கவிட்டேன்:
மஞ்சள் வெளிறி, சாம்பல் தட்டி,
சட்டென்று சிவந்தது.
தங்கம் சிறுத்தால் சிவக்கும்.
வெங்காயத் தோலின் சிவப்பு, பொய்யில்லை.
என் இரண்டரைப் பவுண் சங்கிலி
ஸ்ரான்லி வீதியில் அடைவில் இருக்கிறது,
மஞ்சளாகத்தான் இருக்கும்.
வட்டிதான் சிறுப்பதில்லை.

நேற்று, மாதிரிகளுக்கு முன்
வழக்கம்போல் வெறுங்கரைசல் வைத்தேன்.
தண்ணீரும் உப்பும். வேறொன்றுமில்லை.
பொன் ஒரு சிறு மேடு காட்டியது.
கழுவினேன். மேடு.
புதுக் கரைசல். மேடு.
கறண்ட் போனது, வந்தது. மேடு.
கையுறைப் பெட்டிக்குள் கையை விட்டபோதுதான்
அது வெறும் பெட்டியாகி
இரண்டு நாள் என்று நினைவு வந்தது.
விடிய ஐந்து மணிக்குச் சம்பலுக்கு
ஆறு வெங்காயம் உரித்த விரல்கள்.
சவர்க்காரம் இருமுறை போட்டவை.
என் மூக்கே மறந்துபோனதை
அந்தப் பொட்டளவு பொன் பிடித்து வைத்திருந்தது.

வரைபை அழிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மாசு. மூலம், நான்.

பின்னேரம் இராசமலரக்கா எடுத்தா.
விலை விழுந்துபோச்சாம்,
எல்லாத்தையும் குடுத்தாச்சாம்.
"உங்கட மெசின் என்ன சொல்லுது?"
மூன்றாம் பாத்தி ஐந்து மாதம் கிடக்கும் என்றேன்.
கொஞ்சநேரம் காற்று மட்டும் இரைந்தது.
"அதைத்தான் முதல் வித்தது."

இன்றைக்கும் தேய்க்கிறேன்.
எட்டு. எட்டு. எட்டு.
கையுறை தாவரவியலில் கடன் வாங்கியது,
ஒரு அளவு பெரிசு.
விரல் நுனிகளில் காற்று.