ஆறாம் குறுக்குவெட்டு

விருசுழியில் தண்ணீர் வடிந்து ஒன்பது நாள்.
வலக்கரையில் போன மாசியில் நட்ட
அளவுக்கல்லைக் காணோம்.
கரையே நாலு மீட்டர் தள்ளிப்போயிருக்கிறது,
கேட்காமல்.

சந்தியாகு அளவுகோலை நிமிர்த்துகிறார்.
பழைய மட்டக்கருவிக்குள் தலைகீழாய் நிற்கிறார்,
கால் மேகத்தில்.
வெள்ளம் ஏறிய உயரம்:
கருவேல முள்ளில் மாட்டிய உரச்சாக்கு.
படுகை முக்கால் மீட்டர் மேடு.
மணலை அரிக்கிறேன். செம்மண் நெருடுகிறது;
மேற்கே எந்தக் கண்மாயோ கரையை இழந்திருக்கிறது.

"இங்க பாருங்க மேடம்."
முன்னூறடி கீழே, புது மணல்திட்டில்
கல் குப்புறக் கிடக்கிறது.
எங்கள் சிவப்புப் பெயின்ட், எங்கள் 6.

படிவத்தில் எங்கே எழுத?
அளந்த கல்லா,
அடித்துவந்த வண்டலா?

சந்தியாகு அதன்மேல் உட்கார்ந்து
தூக்குச்சட்டியைத் திறக்கிறார்.
"சாப்பிட்டு நடுவோம்.
எந்தக் கரையிலன்னு
அதுக்குள்ள யோசிங்க."