எங்கே போகிற வயர்

ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருக்கிறது என்றுதான்
உவர்மலைக்குக் கூப்பிட்டார்கள்.
பிரிட்ஜ் போட்டால் விழும். மழைக்கு விழும்.
சில நாட்களில் சும்மாவும் விழுமாம்.

சீலிங் பலகையைக் கழற்றினால்
ஒரு வீட்டுக்குள் நாலு காலத்து வயர்.
மரப்பட்டிக்குள் துணி சுற்றிய ரப்பர், தொட்டதும் உதிர்ந்தது.
சிவப்பும் கறுப்புமாய் ஏழு-இருபத்தொன்பது.
சுனாமிக்கு ஓடிவந்த சனம் தங்கியபோது
யாரோ அவசரத்தில் இழுத்த வெள்ளை வயர்;
அதைத்தான் எலி கடித்திருந்தது.
ரேப் சுற்றவில்லை, புதிதாகவே இழுத்தேன்.
வேலை அவ்வளவுதான்.

நாலாவதைத்தான் எனக்குத் தெரியவில்லை.

சுண்டுவிரலிலும் மெலிசு. ஈயத் தோல்,
பல்லி முதுகின் நிறம்.
வளையோடு வளையாய், சாணுக்கொரு பித்தளைக் கொளுக்கி போட்டு
அப்படி ஒரு நேர்த்தியாய் ஓடியது.
ரெஸ்ரர் எரியவில்லை.
"குண்டுக்குப் போற வயரோ அண்ணை?" என்று சிரித்தான்
டிலக்சன், சண்டை முடிந்தபோது பால்பல் விழாதவன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சுகிர்தம் ரீச்சர் சிரிக்கவில்லை.
"தொண்ணூறிலயும் இதைத்தான் கேட்டவங்கள்" என்றா.
"ரோச் அடிச்சு, துவக்கு நுனியால தட்டி,
இது எங்க போகுது எண்டு.
எனக்குத் தெரியேல்ல. தம்பிக்கும் தெரியேல்ல.
தெரியாது எண்டு சொன்னவனைத்தான் ஏத்தினவங்கள்."

வரோதயன்.
பெயரை ஒருதரம்தான் சொன்னா.
கேற்றடியில் ஒரு மான் நின்று
சீமெந்துப் பேப்பரைச் சப்பிக்கொண்டிருந்தது.

கத்தியால் ஈயத்தைக் கீறினேன்.
உள்ளே பச்சையிலொன்று, வெள்ளையிலொன்று, பருத்தி நூல் சுற்றி;
நூலில் மெழுகு. நகத்தில் ஒட்டியது.
நத்தாருக்கு மறுநாள் மாதா கோயில் மணம்.
அதற்கும் உள்ளே ஒற்றைச் செம்புக்கம்பி, கொண்டை ஊசியளவு.
இதில் விளக்கு எரியாது. காற்றாடி சுற்றாது.
பற்றரியில் பிழைத்த வயர் இது.

முன்னறையில், கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு முனை.
இரண்டு கம்பியையும் முறுக்கிப் பிடியடா என்று
டிலக்சனை அங்கே நிறுத்திவிட்டு
மீற்றரோடு நான் வீடு முழுக்க அலைந்தேன்.
மற்ற முனை குசினியில்.
நீல டிஸ்ரெம்பரைச் சுரண்ட சுண்ணாம்பு,
சுண்ணாம்பைச் சுரண்டக் கரி,
கரிக்குள் ஒரு வட்டப் பலகை, நாலு ஆணித்துளை.

மீற்றர் கத்தியது.

மணி.
இது நேவி குவாட்டர்ஸாய் இருந்த காலத்தில்
யாரோ ஒரு துரை படுத்துக்கிடந்தபடியே
தேத்தண்ணிக்கு அடித்த மணி.
கட்டிலிலிருந்து அடுப்படிக்கு
முப்பத்தியொரு அடி.
வேறெங்கும் போகவில்லை.

ரீச்சர் இன்னொருக்கால் கத்த வைக்கச் சொன்னா.
வைத்தேன்.
பிறகும் ஒருக்கால்.

அறுத்து எறியவா என்று கேட்டதற்கு மறுமொழி இல்லை.
எலி கடித்த வயருக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்று
பில்லை எழுதி நீட்டினேன்.
"பின்பக்கத்தில எழுதித் தாரும்" என்றா.
"இது என்ன வயர், எங்க தொடங்கி எங்க முடியுது.
உம்மட பேர், லைசன்ஸ் நம்பர், இண்டைய திகதி."

யாரிடம் காட்ட என்று நான் கேட்கவில்லை. எழுதினேன்.
கண்ணாடி போட்டு வாசித்தா.
குசினியை வெட்டிச் சமையலறை ஆக்கினா.
முப்பத்தியொன்றை
எண்ணிலும் எழுத்திலும் போடச் சொன்னா.