நான்கு டிகிரி

ட்ரோம்சோ. பகலிலும் விளக்கு எரிகிற மாதம்.
காட் மீனின் வாலடிச் சிரையில் ஊசி இறக்கி
சுன்னிவா இழுத்தது இரண்டு மில்லி.
உறைந்தது அடியில் தங்க, மேலே நின்றது
வைக்கோல் நிறத்தில் சீரம்.

தடுப்பூசியை அவ்வளவாய்ச் சட்டை செய்யாத மீன்.
பார்த்தறியாத கிருமிக்கும்
முன்கூட்டியே புரதம் வைத்திருக்கிறது,
வராத விருந்தாளிக்கு உலை வைத்ததுபோல.

போன் அடித்தது.
ஒரு குழாயை மார்புப் பையில் போட்டுக்கொண்டு பேசினாள்:
தம்பி. அவன் படகின் எஞ்சின், டீசல் விலை.
நாற்பது நிமிடம்.

மறுநாள் தட்டில்
ஐஸில் இருந்தவை வேலை பார்த்திருந்தன.
குழிதோறும் முயல் ரத்தம் உடைந்து
தெளிந்த சிவப்பு.
ஒன்றில் மட்டும்
அணுக்கள் முழுசாய் அடியில் படிந்து
ஒரு பொட்டு.

குறிப்பேட்டில் எழுதினாள்:
ஏழாம் எண். என் சூடு.