மூன்றாவது கல்

அம்மாப்பேட்டையில் ஏற்றும்போதே இனாயத் சொன்னான்:
"ஏத்தறது பெரிசில்லக்கா, மேல போய் எறக்கறதுதான்."

இருபது கொண்டை ஊசி வளைவு.
குட்டியானை முனகித் திரும்பும்போதெல்லாம்
பின்னால் பீரோ ஒரு விரல்கடை நகர்ந்து
அடுத்த திருப்பத்தில்
அதே விரல்கடை திரும்பி வந்தது.
பதின்மூன்றில் நிறுத்தி
கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினோம்.

மஞ்சக்குட்டை. நர்ஸ் குவார்ட்டர்ஸ்.
மழை விட்ட பதினோரு மணி.
வண்டி வாலிலிருந்து தரைக்கு
ஒரு சில்வர் ஓக் பலகை.
மிளகுக் கொடிக்கு ஏணி தூக்கிப் போன சடையன்
ஏணியைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார்.
பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்துப்
பலகைமேல் ஏற்றினார்கள்.
கையை எடுத்தார்கள்.

அது அப்படியே இருந்தது.

கதவுக் கண்ணாடியில்
மேலே போகிற பனி, கீழே போவதுபோல் தெரிந்தது.
பீரோ மட்டும் எங்கும் போகவில்லை.

"தள்ளலாமா?"
"தள்ளுனா கோணிக்கும். தானா வரணும்."

உள்ளே இருப்பதை எடுத்துவிடட்டுமா என்றேன்.
பதினொரு வருஷத்துப் புடவைகள்,
திருப்பித் தராத பித்தளைக் குத்துவிளக்கு,
கோர்ட்டு காகிதம் இருக்கும் பிஸ்கட் டப்பா.
இனாயத் சிரித்தான்.
"வெறும் பீரோவும் இப்பிடித்தான் உக்காரும்க்கா.
எத்தன எறக்கிருக்கேன்."

நம்பவில்லை.
பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது
மெல்லப் புரிந்தது:
எடை கீழே இழுக்கிறது.
அதே எடை பலகையை அழுத்திப் பிடித்தும் கொள்கிறது.
இழுப்பவனும் பிடிப்பவனும்
ஒரே முதலாளியிடம் கூலி வாங்குகிறார்கள்.
கூலியைக் குறைத்தால் இருவருக்கும்தான் குறையும்.

ஆக, நான் எதையெல்லாம் சுமந்து வந்தேன் என்பது
இந்தச் சரிவுக்கு ஒரு பொருட்டே இல்லை.
எவ்வளவு சாய்வு,
தொடுகிற இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சொரசொரப்பு,
அவ்வளவுதான் அதன் கேள்வி.

எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.
கொஞ்சம் நிம்மதியாகவும்.

சடையன் கடப்பாரையால் பலகையின் தலையை நெம்ப
இனாயத் அடியில் ஒரு கல் செருகினான்.
ஒன்றும் இல்லை.
இரண்டாவது கல்.
எங்கேயோ ஒரு "கிர்" மட்டும்.
மூன்றாவது, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓட்டுச் சில்லு.

அசைய மறுத்தது
அசைந்த பின் நிற்க மறுத்தது.
புறப்படும்வரை இருந்த பிடி
புறப்பட்டபின் இல்லை.
கயிறு இனாயத்தின் கையை உரித்துக்கொண்டு ஓட,
சடையன் ஒதுங்க,
நான் ஏதோ கத்த,
பீரோ நாலே நொடியில் இறங்கிச்
சேற்றில் முகவாயைக் குத்தி நின்றது.
கண்ணாடி உடையவில்லை.
குத்துவிளக்கு உள்ளே ஒருமுறை உருண்டது.

"வந்துருச்சுல்ல" என்றார் சடையன்.
ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.
நான் இனாயத்தின் உள்ளங்கைக்கு டிஞ்சர் போட்டேன்.
இங்கே என் முதல் நோயாளி.

ராத்திரி முழுக்க பீரோக் கதவு
தானாகத் திறந்து திறந்து நின்றது.
வீட்டுத் தரையும் சரிவுதான்.
காலையில் வெளியே போய்
அந்த ஓட்டுச் சில்லைத் தேடி எடுத்து வந்து
ஒரு காலுக்கு அடியில் வைத்தேன்.