சுருக்கம்

புத்தகங்களைச் சுருக்குவது என் வேலை.
பெல்லந்தூரில், ஏரியின் நுரை தெரியும் ஆறாவது மாடியில்,
தமிழ்ப் பிரிவில் நானும் ஒரு மணி பிளான்ட்டும்.
ஒரு புத்தகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் எட்டு.
பல் தேய்ப்பதற்குள் பாதி முடிந்துவிடும் என்று
விளம்பரத்தில் ஒரு பையன்
நுரை வாயோடு சிரிக்கிறான்.

அமலோற்பவம் என்கிற என்னையும்
சேர்ந்த அன்றே 'அமு' ஆக்கிவிட்டார்கள்.
அடையாள அட்டையில் இடம் போதவில்லையாம்.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினாறு புத்தகங்கள்.
அழுதவர்களையெல்லாம் 'துயருற்றனர்' என்றேன்.
நாற்பது பக்கக் கல்யாணத்தை
ஒரு 'பின்னர்'-க்குள் மடித்து வைத்தேன்.
கடலை வெட்டினேன். காக்கைகளை வெட்டினேன்.
யாரோ ஒருத்தி முறுக்குப் பிழிந்துகொண்டே
கணக்கு வாத்தியாரைத் திட்டியதை,
கதைக்குத் தேவையில்லை என்று, வெட்டினேன்.
அறைக்குப் போய் ரசம் சாதத்தை
நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது அந்த நாவல்.
எழுதியவரை நான் கேள்விப்பட்டதில்லை.
அதில் பதினேழாம் அத்தியாயம் முழுக்க
ஒருவர் மழை விடுவதற்காக
சைக்கிள் கடை ஓரத்தில் நிற்கிறார்.
அவ்வளவுதான்.
பஞ்சர் ஒட்டுகிறவன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்குகிறான்.
குமிழி வருகிறது.
இன்னொரு குமிழி.
மழை விடவில்லை.

'மழை பெய்தது' என்று எழுதினேன்.
அழித்தேன்.
'அவர் காத்திருந்தார்.'
அழித்தேன்.
ஓட்டை எங்கே என்று
எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மேலாளர் நிவேதிதா ஹெக்டே கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.
கெட்டவள் இல்லை.
ஒருமுறை லிஃப்டில் யாரும் இல்லாதபோது கேட்டிருக்கிறாள்:
'நீ சுருக்குறதெல்லாம், முழுசா இருக்கும்போது
நல்லா இருக்குமா?'
நான்காவது மாடி வந்துவிட்டது அப்போது.

புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு
ஐந்நூறு டி பஸ்ஸில் ஏறினேன்.
சில்க் போர்டு போக ஒன்றேகால் மணி நேரம் என்றது ஃபோன்.
முதல் தடவையாக
அது போதுமா என்று கவலைப்பட்டேன்.

'முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி' என்று கண்டக்டர் கத்துகிறார்.
பஸ் போகவில்லை.
நான் பின்னால் போனேன்,
பத்தொன்பதாம் பக்கத்துக்கு.
அந்த ஆள் சைக்கிள் வாங்கிய நாள் அங்கே இருக்கிறது,
மணி அடித்துப் பார்த்தே
பெடலில் கால் வைக்க மறந்த நாள்.
காலையில் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன்.

பக்கத்து சீட்டுப் பெண்,
ஏதோ துணிக்கடைச் சீருடை,
மெல்லச் சாய்ந்து என் தோளில் தூங்கிவிட்டாள்.
பக்கத்தைத் திருப்பினால் விழித்துக்கொள்வாள்.
அதனால் அதே பக்கத்தை இன்னொரு முறை படித்தேன்.
முதல் முறை நான் பார்க்காத ஒரு நாய்
கடை வாசலில் படுத்திருந்தது.
மூன்றாம் முறை
அதன் ஒரு காது மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

இப்லூரில் நிஜ மழை பிடித்தது.
ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.
இழுக்க எழுந்தால் அவள் தலை சரியும்.
தோளா தாளா என்று ஒரு கணம் யோசித்து
தாளை நனைய விட்டேன்.

இரவு ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்தேன்.
காலையில் அந்த அத்தியாயம் மட்டும்
அலை அலையாய்ச் சுருங்கிக் கிடந்தது.
தடவிப் பார்த்தேன்.
இத்தனை வருடத்தில்
என் கையால் நடந்த உருப்படியான சுருக்கம்
இது ஒன்றுதான்.

'பதினேழு என்ன ஆச்சு அமு?' என்றாள் நிவேதிதா.

'இன்னும் மழை விடலை' என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
வெளியே நல்ல வெயில்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.